ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைக்கு மருந்துக்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் இருப்பதாக மனநல மருத்துவர் உறுதிசெய்து, மீத்தைல்ஃபெனிடேட் மருந்தைப் பரிந்துரைத்திருக்கிறார். கனடாவில் இருக்கும் உங்கள் நாத்தனார், "அந்த மருந்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே" என்று சொல்லி, மீன் எண்ணெய், துத்தநாகம், மக்னீசியம், பல்வகை வைட்டமின் என ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறார். ஆறு மாதம் இவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் மருந்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் என்பதே என் பதில். நான் குழந்தை நல மருத்துவன். இதே கேள்வியோடு வருகிற பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பெட்டியில் இருக்கும் எதுவும் மருந்து செய்கிற வேலையைச் செய்யாது. ஆனால் உங்கள் மகனின் உடம்பில் ஏதாவது ஒரு சத்து உண்மையாகவே குறைந்திருந்தால், அதை ஈடுசெய்தே ஆக வேண்டும். அப்போது அவனுடைய கவனமும் ஓரளவு தெளியக்கூடும். அந்தக் குறை இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல முடியும், பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் அட்டை சொல்லாது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பெருவாரியாகக் காணப்படும் குறை இரும்புச்சத்து. நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லவே இல்லை.

முதலில் மீன் எண்ணெய். இந்தப் பட்டியலில் அதிகம் ஆராயப்பட்டது அதுதான், எனவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூளை நரம்பணுக்களின் சவ்வில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் இவற்றின் அளவு சராசரியாகக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. குறைவாக இருப்பதைக் கூட்டினால் கவனம் கூடும் என்று எதிர்பார்த்தது நியாயம்தான். அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2011இல் 10 ஆய்வுகளில் பங்கேற்ற 699 குழந்தைகளின் முடிவுகளைத் தொகுத்தபோது பலன் இருப்பது தெரிந்தது, ஆனால் சிறிய பலன். இத்தகைய தொகுப்புகளில் பலனை ஓர் அளவுகோலால் குறிப்பார்கள்: 0.2 என்றால் சிறிது, 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரிது. மீன் எண்ணெய்க்குக் கிடைத்தது 0.31. இரண்டு ஆண்டுகள் கழித்து, எந்தக் குழந்தை எதைச் சாப்பிடுகிறது என்று அறியாதவர்கள் கொடுத்த மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னொரு தொகுப்பில் அது 0.16 ஆக இறங்கியது. மீத்தைல்ஃபெனிடேட் மருந்துக்கு, 2018இல் 133 ஆய்வுகளை ஒப்பிட்ட பெரிய தொகுப்பில், மருத்துவர்கள் மதிப்பிட்டபடி குழந்தைகளிடம் கிடைத்த அளவு 0.78.

2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 37 ஆய்வுகளை மறுபடி அலசியது. பெற்றோர் மதிப்பிட்ட கவனக்குறைவிலும் சரி, துடிப்பிலும் அவசரத்திலும் சரி, ஒமேகா சாப்பிட்ட குழந்தைகளுக்கும், ஒப்பிடுவதற்காகச் சத்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2018 முதலே, குழந்தைகளின் ஏ.டி.எச்.டி.க்குச் சிகிச்சையாகக் கொழுப்பு அமிலச் சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

அப்படியானால் ஏன் உலகம் முழுக்க "மீன் எண்ணெய் கொடுத்தேன், பிள்ளை மாறிவிட்டான்" என்கிறார்கள்? இதற்கு இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கே 117 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. உடலசைவு ஒருங்கிணைப்பில் சிரமப்பட்ட குழந்தைகள் அவர்கள், ஏ.டி.எச்.டி. என்று முடிவுசெய்யப்பட்டவர்கள் அல்லர். பாதிப் பேருக்கு மீன் எண்ணெயும் ஈவினிங் பிரிம்ரோஸ் எனப்படும் மாலைப்பூ எண்ணெயும் கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று எண்ணெய். மூன்று மாதத்தில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் நடத்தையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வு அது. அதன் பிறகு 2006இல் மாவட்ட நிர்வாகம், பத்தாம் வகுப்பை ஒத்த பொதுத்தேர்வு எழுதவிருந்த சுமார் 5,000 மாணவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை கொடுப்பதாக அறிவித்தது. இம்முறை ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரைக் குழுவே வைக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டதால் மதிப்பெண் கூடியதா, அல்லது மாதக்கணக்கில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை இயல்பிலேயே ஒழுங்காகப் படிக்கிற பிள்ளையா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. ஆனால் செய்தித்தாள்களில் மாத்திரையின் பெயர் பரவிவிட்டது. முதல் ஆய்வின் கௌரவத்தை இரண்டாவது முயற்சிக்குக் கடன் கொடுத்து, அதை ஏ.டி.எச்.டி. வரை நீட்டி, விளம்பரங்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்தது இதற்கு நேர்மாறு. அவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. 2012இல் 362 குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொடுத்து, வாசிப்பில் மிகவும் பின்தங்கியவர்களிடம் சிறு முன்னேற்றம் கண்டார்கள். அதோடு நிற்காமல், அதே ஆய்வை 376 குழந்தைகளிடம் மறுபடி நடத்தினார்கள். 2018இல் முடிவு வந்தது. முன்பு தெரிந்த பலன் இம்முறை தெரியவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

ஒமேகாவை முழுவதும் ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. தைவானில் 92 இளையோரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 வகையை நாளொன்றுக்கு 1.2 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். தொடக்கத்திலேயே ரத்தத்தில் ஈ.பி.ஏ. குறைவாக இருந்தவர்களிடம் கவனம் மேம்பட்டது. ஏற்கெனவே நிறைய இருந்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அவர்களில், அவசரப்பட்டுச் செயல்படும் குணத்தைப் பொறுத்தவரை வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களே சற்று முன்னிலையில் இருந்தார்கள். இது ஒரே ஒரு சிறிய ஆய்வு. ஆனால் நான் சொல்ல வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு வேறில்லை: குறை இருந்தவனுக்கு உதவியது, குறை இல்லாதவனுக்கு உதவவில்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். "மீன் எண்ணெய் 1,000 மில்லிகிராம்" என்று பாட்டிலில் பெரிதாக அச்சிட்டிருக்கும். பின்பக்கத்தைப் பார்த்தால், பெரும்பாலான சாதாரண மாத்திரைகளில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராமும் டி.எச்.ஏ. 120 மில்லிகிராமும்தான் இருக்கும். மீதி வெறும் கொழுப்பு. தைவான் ஆய்வின் அளவை எட்ட அப்படிப்பட்ட மாத்திரை ஆறோ ஏழோ வேண்டும். இன்னும் முக்கியம், நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சின்ன மஞ்சள் நிற மாத்திரை. அது பெரும்பாலும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் இருக்கின்றன; ஒமேகா மிகக் கொஞ்சம். ஒமேகா போதவில்லை என்று அந்த மாத்திரையைப் பத்து, பன்னிரண்டு என்று கூட்டினால் வைட்டமின் ஏ அளவு மீறி, தலைவலி, வாந்தி, ஈரல் பாதிப்பு வரை போகும். இந்த இரண்டு எண்ணெய்களையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் மத்தி, அயிலை, நெத்திலி போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று முறை குழம்பாக வைத்துக் கொடுங்கள். எண்ணெய் மிகுந்த மீன்கள் இவை, விலையும் குறைவு. கடற்கரை ஊர்களில் கிலோக் கணக்கில் கிடைக்கும் மத்தியை விட்டுவிட்டு, அதே குடும்பத்து மீனிலிருந்து எடுத்த எண்ணெயை வெளிநாட்டு மாத்திரையாக வாங்க வேண்டியதில்லை. சைவக் குடும்பம் என்றால் ஆளி விதை, அக்ரூட் இரண்டும் நல்ல உணவுதான். ஆனால் அவற்றிலுள்ள ஒமேகாவில் மிகச் சிறு பங்கையே உடம்பு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக மாற்றிக்கொள்கிறது. மருத்துவர் தேவை என்று சொன்னால் கடற்பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது.

இப்போது இரும்புச்சத்துக்கு வருகிறேன். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ஐந்து வயதுக்கு மேல் இது தானாக மறைந்துவிடுவதில்லை. மூளை நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாவதற்கு உதவும் நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். ஏ.டி.எச்.டி.யில் சிக்கல் இருக்கும் இடங்களில் ஒன்று இந்த டோபமின் பாதைதான். நாம் பேசும் மருந்து வேலை செய்வதும் அங்கேதான். ஆகவே இரும்புக்கும் கவனத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகம் அன்று. ரத்தசோகை உள்ள குழந்தை ஏ.டி.எச்.டி. இல்லாமலேயே சோர்ந்து, எரிச்சலோடு, பாடத்தில் மனம் நிற்காமல் இருப்பதை எந்த ஆசிரியையும் பார்த்திருப்பார்.

2004இல் பாரிஸில் ஓர் ஆய்வுக் குழு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளிடம் பார்த்தது. சராசரி மில்லிலிட்டருக்கு 23 நானோகிராம்; ஒப்பிட்ட மற்றக் குழந்தைகளிடம் 44. ஏ.டி.எச்.டி. குழந்தைகளில் 84 சதவீதத்தினருக்கு 30க்கும் கீழே இருந்தது. 2008இல் அதே குழு, ஃபெரிட்டின் குறைந்த, ஆனால் ரத்தசோகை இல்லாத 23 குழந்தைகளிடம் 12 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்துச் சோதித்தது. ஓர் அளவீட்டில் தெளிவான முன்னேற்றம். பெற்றோரும் ஆசிரியர்களும் நிரப்பிய வேறு அளவீட்டில் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இதை உறுதிசெய்யவும் இல்லை. இரும்பு மாத்திரை ஏ.டி.எச்.டி.யைத் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபெரிட்டின் குறைந்த குழந்தையை அப்படியே விட்டுவைப்பது தவறு என்பதில் சந்தேகமில்லை. இரவில் கால்களை உதறிக்கொண்டே தூங்கும் பிள்ளைகள் சிலருக்கு இரும்புக் குறையே காரணமாக இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் கவனமும் கெடும்.

இதில் ஒரு நுட்பம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற சீட்டை வைத்து இரும்பு போதும் என்று முடிவுக்கு வரக் கூடாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். பிள்ளை நலமாக இருக்கும் நாளில் ரத்தம் கொடுங்கள். குறைவாக இருந்தால் எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தருவார். பாலோடும் தேநீரோடும் அதைக் கொடுக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவற்றோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கான வாராந்தர இளஞ்சிவப்பு இரும்பு மாத்திரை கிடைக்கும். அதை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் அப்படித்தான்.

பரிசோதிக்காமல் இரும்பைக் கொடுக்கலாமே, எப்படியும் நல்லதுதானே என்று கேட்பார்கள். கூடாது. அளவு மீறிய இரும்பு சிறு குழந்தைகளுக்கு உயிராபத்தான நஞ்சு. அமெரிக்காவில் இரும்பு கலந்த மாத்திரைப் பாட்டில்களில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நச்சு மரணங்களுக்கு இது முக்கியக் காரணம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். மிட்டாய் போலச் சிவப்பாக இருக்கும் அந்த மாத்திரையைத் தம்பி, தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

துத்தநாகத்தின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. துருக்கியிலும் ஈரானிலும் 2004இல் வெளியான ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2011இல் அமெரிக்காவில் 52 குழந்தைகளிடம் கவனமாக நடத்திய ஆய்வில் துத்தநாகத்தால் மட்டும் பலன் தெரியவில்லை. கூடுதல் அளவு துத்தநாகம் பெற்றவர்களுக்குப் பின்னர் கொடுத்த மருந்து 37 சதவீதம் குறைவாகத் தேவைப்பட்டது, அவ்வளவே. உணவில் துத்தநாகம் எவ்வளவு கிடைக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாதக்கணக்கில் அதிக அளவு கொடுத்தால் உடம்பில் தாமிரம் குறைந்துவிடும். மக்னீசியத்துக்கு நம்பத்தக்க பெரிய ஆய்வு இல்லை, கூடினால் வயிற்றுப்போக்கு.

பல்வகை வைட்டமின்களைப் பற்றி உங்கள் நாத்தனார் குறிப்பிட்ட ஆய்வு உண்மையான ஆய்வுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 முதல் 12 வயதுள்ள 135 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்து, 2022இல் வெளிவந்தது. எந்தக் குழந்தைக்கு எது என்று அறியாத மருத்துவர்கள் பார்த்தபோது, சத்து மாத்திரை பெற்றவர்களில் 54 சதவீதமும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 18 சதவீதமும் முன்னேறியிருந்தார்கள். பெரிய வேறுபாடு. ஆனால் பெற்றோர் நிரப்பிய படிவங்களில் இரு குழுவும் ஒரே அளவு முன்னேறியிருந்தது. எந்த மதிப்பீட்டை நம்புவது என்பது இன்னும் தீரவில்லை. தவிர, அந்த ஆய்வில் கொடுத்தது சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட, நாளொன்றுக்குப் பல மாத்திரைகளாகச் சாப்பிட வேண்டிய கலவை. கடையில் கிடைக்கும் இனிப்பு வைட்டமின் மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அளவைக் கூட்டிக் கொடுத்தால் அதே பலன் வரும் என்று முயல்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி: 1984இல் கனடாவில், சாதாரணத் தேவையைவிட மிக மிக அதிக அளவில் வைட்டமின் கொடுத்துச் சோதித்தார்கள். நடத்தை மேம்படவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்ட காலத்தைவிட வகுப்பில் தொந்தரவு 25 சதவீதம் கூடியது. 42 சதவீதத்தினருக்கு ஈரல் நொதிகள் இயல்பைத் தாண்டின.

மூலிகைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். வல்லாரைத் துவையல், வல்லாரைச் சட்னி தாராளமாகக் கொடுங்கள், நல்ல கீரை. நீர்ப்பிரமிச் சாற்றை 6 முதல் 14 வயதுள்ள 112 சிறுவர்களிடம் சோதித்த ஆய்வில், துடிப்பிலும் கவனக்குறைவிலும் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் பயன்படுத்தும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையையும் 2008இல் 54 குழந்தைகளிடம் சோதித்தார்கள், பலனில்லை. இவற்றைவிட நான் அஞ்சுவது கன உலோகங்களை. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கிக் கவனத்தையும் அறிவுத்திறனையும் குறைக்கும் நஞ்சு என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட செய்தி. கவனத்துக்கென்று வாங்கிய சூரணத்திலேயே அது இருக்கலாம் என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது. யார் தயாரித்தது, எங்கே சோதிக்கப்பட்டது என்று தெரியாத பொடியையும் லேகியத்தையும் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள்.

நம் நாட்டில் சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் கீழ் வருவதில்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அட்டையில் அச்சிட வேண்டும் என்பதே விதி. அமெரிக்காவிலும் 1994 சட்டத்தின்படி, பலன் தரும் என்று நிரூபிக்காமலேயே விற்பனைக்குக் கொண்டுவரலாம். 2023இல் அங்கே தூக்கத்துக்கான மெலடோனின் இனிப்பு மாத்திரைகள் 25 வகைகளைச் சோதித்தபோது, 22இல் அட்டையில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பாட்டில் தரமானதாகிவிடாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தை நான் சிறிதும் குறைவாக மதிப்பிடவில்லை. மீத்தைல்ஃபெனிடேட் நம் நாட்டில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. எல்லாக் கடையிலும் கிடைக்காது, சீட்டில்லாமல் தர மாட்டார்கள். "போதைப்பொருள் சட்டம்" என்ற சொல் காதில் விழுந்ததும் தாயின் நெஞ்சு நடுங்குவது இயற்கை. ஆனால் மருத்துவ அளவில் வாய்வழியாகச் சாப்பிடும் குழந்தை இதற்கு அடிமையாவதில்லை. சிறு வயதில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் வளர்ந்த பின் மது, போதை பக்கம் போகிறார்களா என்று 15 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாத ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கும் இடையே அபாயத்தில் வேறுபாடு இல்லை.

பக்கவிளைவுகள் உண்டு. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், தொடக்கத்தில் வயிற்றுவலி, தலைவலி வரலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களின் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று மாரடைப்பால் இறந்திருந்தால், அல்லது பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால், மருந்துக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாதாரண வகை மாத்திரை ஒரு வேளைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். இதுவே ஒரு வசதி. சரியில்லை என்று நிறுத்தினால் அன்றைக்கே உடம்பை விட்டு நீங்கிவிடும். பலன் உண்டா இல்லையா என்று தெரிய மீன் எண்ணெய்க்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்த மருந்துக்குச் சில வாரங்கள் போதும்.

மருந்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 579 குழந்தைகளிடம் நடத்தி 1999இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 14 மாத முடிவில் கவனமாக மருந்து பெற்றவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். அதன் பிறகு அவரவர் விருப்பப்படி சிகிச்சையைத் தொடர விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே வேறுபாடு மறைந்திருந்தது. மருந்து ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் தீர்வல்ல. சாப்பிடும் காலத்தில் உதவும். அந்தக் காலத்தில்தான் பிள்ளை வாசிக்கக் கற்க வேண்டும், நண்பர்களைப் பெற வேண்டும், "உன்னால் முடியாது" என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாளையாவது கழிக்க வேண்டும். ஆறு மாதம் பார்ப்போம் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மூன்றாம் வகுப்பில் ஆறு மாதம் என்பது பாதிக் கல்வியாண்டுக்கு மேல்.

மருந்துக்கு உண்மையான துணை எது என்று கேட்டால், பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியும் பள்ளியின் ஒத்துழைப்பும்தான். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதலில் பரிந்துரைப்பது மருந்தை அன்று, பெற்றோர் பயிற்சியை. எட்டு வயதில் இரண்டும் சேர்ந்து போக வேண்டும். முதல் வரிசையில் உட்காரவைப்பது, நீண்ட பணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, சொன்னதைச் செய்தவுடன் பாராட்டுவது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை. அந்தப் பாட்டில்களின் விலைக்கு ஒரு நல்ல உளவியலாளரிடம் பல அமர்வுகள் போகலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உணவைப் பற்றி இரண்டு சொற்கள். சர்க்கரை பிள்ளைகளைத் துடிப்பாக்குகிறது என்ற நம்பிக்கையை 1990களில் பலமுறை சோதித்துத் தள்ளிவிட்டார்கள். அதில் ஓர் ஆய்வு மறக்க முடியாதது. பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருப்பதாகத் தாய்மாரிடம் சொன்னார்கள். கொடுத்ததோ சர்க்கரையில்லாத பானம். அந்தத் தாய்மார் தங்கள் மகன் அதிகம் துடிப்பதாக மதிப்பிட்டார்கள், அவனை அதிகம் கண்டித்தார்கள். செயற்கை நிறமிகள் விஷயம் வேறு. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மூன்று வயதுக் குழந்தைகளிடமும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளிடமும் நடந்த ஆய்வில் நிறமிக் கலவை துடிப்பைச் சற்றுக் கூட்டியது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உட்பட ஆறு நிறமிகள் சேர்த்த உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டும் அனுமதிக்கப்பட்டவை. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் மிட்டாயையும் பானத்தையும் குறைப்பதால் நட்டமில்லை. ஆனால் அதுவும் சிகிச்சையாகிவிடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் எண்ணெயைச் சேர்த்துப் பார்க்க விரும்பினால், மருந்தோடு சேர்த்துப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் மதிப்பீட்டுப் படிவம் கேட்டு வாங்கி, தொடங்குவதற்கு முன்பு ஒருமுறையும் 12 வாரம் கழித்து ஒருமுறையும் வகுப்பாசிரியையை நிரப்பச் சொல்லுங்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம். மதிப்பெண் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் கேளுங்கள். கண், காது பரிசோதனை ஆகிவிட்டதா என்றும், குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிறானா என்றும், பாதிப் பேச்சில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்கிறானா என்றும் பேசிவிடுங்கள். தூக்க மூச்சுத்தடையும் ஒருவகை வலிப்பும் கவனக்குறைவு போலவே தோன்றும். மருந்து தொடங்கினால் காலை உணவு முடித்த பிறகு கொடுங்கள், ஏனென்றால் மதியம் டப்பா அப்படியே திரும்பி வரக்கூடும். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பசி திரும்பும்போது முட்டை, சுண்டல், நெய் விட்ட சாதம் என்று நிறைவாகக் கொடுங்கள். தொடங்கிய நாளில் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் குறித்து வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒப்பிடச் சொல்லுங்கள். பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போனாலோ, அடிக்கடி அழுதாலோ, புதிதாக முகம் சுளிக்கும், கண் சிமிட்டும் பழக்கம் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் அளவைக் குறைத்தாலோ வேறு மருந்துக்கு மாற்றினாலோ அது சரியாகிவிடும்.